உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கிறது, புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. இனி என்ன செய்வது?

கணிதப் பிரிவு, வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலையிலிருந்து மேசையில்தான் இருக்கிறேன், ஆனால் ஒன்றும் நடப்பதில்லை, நான் சோம்பேறியா, இனிப் படித்துப் பிரயோசனம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பிரிவு, அதே வெள்ளவத்தை. பரீட்சையை இரண்டு தரம் எழுதினேன். முதல் ஷையில், அதாவது முதல் தடவை எழுதியபோது, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் நின்றேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோம்பேறி என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். உங்களுக்குத் தூக்கமே வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி வேறு: "நோட்ஸ் எல்லாம் வடிவாக எழுதி வைத்திருக்கிறேன், பாஸ்ட் பேப்பர் மட்டும் இன்னும் தொடவில்லை." பாஸ்ட் பேப்பர் என்ற அந்தப் பழைய வருட வினாத்தாள்களில்தான் என்னுடைய கதையும் தொடங்குகிறது.

நான் முதலில் எழுதியது 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை. அது நடந்ததோ 2023 ஜனவரி 23 முதல் பெப்ரவரி 17 வரை. எங்கள் பேட்ச் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அடுத்து பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. பரீட்சை நெருங்கிய ஜனவரியிலும் தினம் 2 மணி 20 நிமிடம் வெட்டினார்கள். படிக்காததற்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் நாடே எடுத்துத் தந்தது. கரண்ட் போனதும், சரி, வந்த பிறகு தொடங்குவோம் என்று பல்கனியில் போய் நிற்பேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ஒரு ரயில் போகும், இன்னொன்று போகும். கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் போனைச் சார்ஜில் போடுவேன். அப்படியே கையில் எடுத்தால் பத்து மணியாகிவிடும்.

அப்படியிருந்தும் நான் படிக்கவில்லை என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. கிழமைக்கு ஆறு நாள் ரியூசன். காலையில் பம்பலப்பிட்டியில் தியரி கிளாஸ், பின்னேரம் வெள்ளவத்தையில் ரிவிஷன், இடையில் ஸூமில் ஒன்று. ஒரே அலகை மூன்று சேர்மாரிடம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து நோட்ஸைத் திரும்ப எழுதுவேன், தலைப்புக்குச் சிவப்பு, சூத்திரத்துக்குப் பச்சை, பெட்டி கட்டி, அடிக்கோடு போட்டு. மாதத்துக்கு இரண்டு தரம் புது நேரசூசி போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டுவேன். அம்மா தேத்தண்ணியோடு அறைக்குள் வந்து பார்ப்பார், பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறது. "தேத்தண்ணி ஆறுது பிள்ளை, குடிச்சிட்டு எழுதன்" என்று மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

அப்புறம் ஜனவரி நடுப்பகுதி வந்தது. பரீட்சைக்கு ஏறத்தாழ ஒரு கிழமை முன்னால் எல்லா ரியூசன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்யும், உங்களுக்கும் அது வரும். அன்று காலை போவதற்குக் கிளாஸ் இல்லை, எழுதுவதற்குப் புது நோட்ஸ் இல்லை. முதல் தடவையாக ஒரு இணைந்த கணித வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன். உராய்வுக் கணக்கு ஒன்று. சேர் பலகையில் செய்தபோது ஒவ்வொரு வரியும் விளங்கிய அதே வகைக் கணக்கு. படம் கீறினேன். விசைகளைக் குறித்தேன். அடுத்த வரி வரவில்லை. இருபது நிமிடம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாளை மூடினேன், நோட்ஸை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்கியது. அந்த விளக்கம்தான் என்னை இரண்டு வருடமாக ஏமாற்றியிருக்கிறது என்பது அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

பெறுபேறு 2023 செப்டெம்பர் 4 வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் என் இசட் புள்ளி கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. அடுத்த பரீட்சை 2024 ஜனவரி 4. சரியாக நான்கு மாதம். அதில் முதல் ஒன்றரை மாதத்தை, நீங்கள் நம்பமாட்டீர்கள், முன்பு போலவே கழித்தேன். புது நேரசூசி, புதுப் பேனை, புதுக் கிளாஸ்.

நிறுத்தியது நவராத்திரி. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைப் படத்தின் முன் அடுக்க அம்மா கூப்பிட்டார். நான் முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தது அந்தப் பாஸ்ட் பேப்பர் புத்தகத்தை. வைத்ததும் நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஒன்று விட்டது போல இருந்தது. இன்றைக்கு இதைத் தொடக்கூடாது, தொடாமல் இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்ற ஆறுதல். அந்த ஆறுதல்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. நோட்ஸை வைத்தபோது அப்படி ஒன்றும் தோன்றவில்லையே. அப்போ நான் ஓடி ஒளிவது படிப்பிடமிருந்து இல்லை, இந்த ஒரு புத்தகத்திடமிருந்து. எனக்கு எது தெரியாது என்று சொல்லக்கூடிய ஒரே புத்தகம் அதுதான்.

பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்த பின் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். ஃபியூஷியா சிரோய், டிமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் சொல்கிறது. வேலையைத் தள்ளிப்போடுகிறவருக்கு நேரத்தைப் பங்கிடத் தெரியாதது பெரிய சிக்கல் இல்லை. அந்த வேலை தருகிற பயமும் வெறுப்பும் இந்த நிமிடம் வேண்டாம் என்றிருக்கிறது, அதற்காக நாளைய நாளை அடகு வைக்கிறார். நான் போட்ட நேரசூசிகள் ஏன் ஒன்றுமே நிலைக்கவில்லை என்று அன்றுதான் விளங்கியது. பயத்துக்கு மருந்து நேரசூசி இல்லை.

நோட்ஸ் வாசிக்கும்போது விளங்குகிறதே, பேப்பரில் ஏன் வருவதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் மாணவர்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலர் ஒரு தரம் வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால். ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42 வீதம். வாசித்து முடித்த கையோடு எனக்கு எல்லாம் தெரியும் என்று வருகிற நிம்மதி அந்த ஐந்து நிமிடக் கணக்கு. பரீட்சை மண்டபத்தில் எடுபடுவது ஒரு கிழமைக் கணக்கு.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் விஜயதசமி, 2023 ஒக்டோபர் 24. கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். ஐயா ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுத வைத்தார். அது வீரிட்டு அழுதது, ஆனால் விரல் கோட்டை முடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து படத்தின் முன்னாலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முழுத்தாள் எல்லாம் யோசிக்கவில்லை. இணைந்த கணிதத்தின் ஏ பகுதியில் பத்துச் சிறிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்றே ஒன்று. நோட்ஸ் அலுமாரிக்குள், போன் குசினியில் அம்மாவிடம். பதினைந்து நிமிடம். வராவிட்டால் வராத இடம் வரைக்கும் எழுதி, அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பிறகுதான் விடைகள் இருக்கும் புள்ளித்திட்டத்தைப் பார்ப்பது, அதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு வரி மட்டும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நானே எழுதப் பார்ப்பது.

முதல் நாள் ஒரு கேள்வி. அன்று முழுக்க வேறு ஒன்றும் படிக்கவில்லை, ஆனால் இரவு தூங்கினேன். ஒரு கிழமையில் நாளுக்கு நான்கு கேள்வி வந்தது. நவம்பர் நடுப்பகுதியில் பக்கத்து ஒழுங்கையில் இருந்த என் சிநேகிதியோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முழுத்தாள், மணிக்கூட்டை வைத்து மூன்று மணித்தியாலம். அவளும் செக்கன்ட் ஷை. என் தாளை அவள் திருத்துவாள், அவளுடையதை நான். முதல் முழுத்தாளில் எனக்கு நூற்றுக்கு 31. அந்த எண்ணைப் பார்க்கத்தான் இரண்டு வருடம் பயந்திருக்கிறேன். பார்த்த பிறகு அது ஒரு எண்தான். எந்த அலகில் போனது என்று பார்த்தால் பாதி புள்ளி நிலையியலில் போயிருந்தது, மிச்சம் இன்னும் மூன்று அலகில். முழுப் பாடத்திட்டமும் ஒரு மலையாக நின்ற இடத்தில் இப்போது நான்கு அலகு. நான்கு அலகோடு ஒரு மனுஷி மல்லுக்கட்டலாம்.

சிவப்புக் கோடு விழுந்த இடங்களை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்தேன். அழகாக இல்லை, பக்கம் பக்கமாகக் கிறுக்கல். டிசம்பரில் நான் நோட்ஸைத் திறக்கவேயில்லை, அந்தக் கொப்பி போதுமாயிருந்தது. உங்களிடம் ஐந்து கிழமை இருப்பதால் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்: இனிப் புது நோட்ஸ் எழுதாதீர்கள், புதுக் கிளாஸ் ஒன்றிலும் சேராதீர்கள். கிளாஸுக்குப் போவதும் வருவதுமாக காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிற நேரத்தில் இரண்டு கேள்வி எழுதலாம். பௌதிகவியலில் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். அதையும் ஒரேயடியாக வேண்டாம், முதலில் பத்துப் பத்தாகச் செய்யுங்கள். வீட்டில் இருக்கவே முடியவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே.

இடையில் விழுவீர்கள். எனக்கு டிசம்பரில் மூன்று நாள் அப்படியே போனது, போனும் கட்டிலுமாக. முன்பென்றால் அந்த மூன்று நாளுக்காக இன்னும் ஒரு கிழமை என்னைத் திட்டியே கழித்திருப்பேன். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாம் ஆண்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010இல் வந்தது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டத் திட்ட அந்தப் புத்தகத்தின் மேல் பயம் கூடும், பயம் கூடக் கூட இன்னும் தள்ளிப்போடுவோம். நான்காம் நாள் காலை எழுந்து ஒரு கேள்வி எழுதினேன், அவ்வளவுதான்.

பிரயோசனம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஐந்து கிழமையில் எல்லா அலகும் வராது, அப்படி வரும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நாளுக்கு நான்கு கேள்வி என்றாலும் 35 நாளில் 140 கேள்வி. நீங்கள் இரண்டு வருடத்தில் தனியாக எழுதிய கேள்விகளை எண்ணிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். எனக்கு விரும்பிய பொறியியல் கிடைக்கவில்லை. பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது, இப்போது கொழும்பில்தான் படிக்கிறேன், மனதுக்குப் பிடித்துப் படிக்கிறேன்.

ஒன்று மட்டும் நான் பிந்திச் செய்தேன், நீங்கள் இன்றைக்கே செய்யுங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். "படிக்கிறாயா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "ஓம்" என்று சொல்லிச் சொல்லி, அந்த ஓமைக் காப்பாற்றவே மேசையில் இருந்து நடித்திருக்கிறேன். அதில் பாதிச் சக்தி போனது. விஜயதசமி அன்று பின்னேரம் போனைக் குசினியில் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் சொன்னேன்: "அம்மா, எனக்குக் கணக்கு வரேல்ல. இவ்வளவு நாளும் நோட்ஸ்தான் எழுதினனான்." அம்மா பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நின்றேன். "அப்ப எந்தக் கணக்கிலயிருந்து தொடங்கப்போறாய்?" என்று கேட்டார்.