பேக்கோர்ட் விசில்: நடுவர் பதில்கள்

இந்த முறை வந்த கூடைப்பந்துக் கடிதங்களில் பாதிக்கு மேல் பேக்கோர்ட் வயலேஷன் பற்றித்தான்: நடுக்கோட்டைக் கடந்து எதிரணிப் பாதிக்கு (ஃப்ரண்ட்கோர்ட்) கொண்டுபோன பந்தை மறுபடி தன் பாதிக்கு (பேக்கோர்ட்) கொண்டுவரும் விதிமீறல். பதில்கள் ஃபீபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி. நம் நாட்டில் மாபா (மலேசியக் கூடைப்பந்துச் சங்கம்) ஆட்டங்களுக்கும் அதுவே.

டிரிபிள் செய்தபடி (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) ஒரு காலை நடுக்கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். விசில் ஊதிவிட்டார்கள். சரியா? (செந்தூல்)

தவறு. பந்து, இரண்டு கால்கள் ஆகிய மூன்றும் முழுதாக ஃப்ரண்ட்கோர்ட்டில் பட்டால்தான் கடந்ததாகக் கணக்கு. விதி இப்படி மாறிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் பந்தை ஃப்ரண்ட்கோர்ட்டுக்குக் கொண்டுபோகத் தரும் 8 விநாடி ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றும் பட்டபின் குதிகால் கோட்டில் உரசினாலும் வயலேஷன். கோடு பேக்கோர்ட்டைச் சேர்ந்தது.

போன வாரம் எங்களுக்குக் கொடுத்த பேக்கோர்ட் சரியா? (பட்டர்வொர்த்)

யார் கடைசியாகத் தொட்டார், கால் எங்கே இருந்தது, எந்த விதிப்புத்தகம்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது?

எதிரணி வீரர் தட்டிவிட்ட பந்தை என் மகன் பேக்கோர்ட்டில் தரையில் படுமுன்பே பிடித்தான். வயலேஷன் என்று அமெரிக்க வீடியோ காட்டி வாதாடுகிறார் கோச். (பிரிக்பீல்ட்ஸ்)

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஃப்ரண்ட்கோர்ட்டில் கடைசியாகத் தொட்டவர் எதிரணி வீரர். அப்புறம் எப்படி வயலேஷன் ஆகும்? உங்கள் மகன் தாராளமாக எடுக்கலாம், புதிதாக 8 விநாடியும் உண்டு. கூடைக்கு எறியத் தரும் 24 விநாடிக் கடிகாரம் மட்டும் விட்ட இடத்திலிருந்தே ஓடும். கோச் காட்டியது பழைய அமெரிக்கப் பள்ளி ஆட்டமாக இருக்கும். அங்கே தரையில் படுமுன் பிடித்தால் வயலேஷன் என்று விளக்கம் இருந்தது. 2018-ல் அவர்களே அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கைவிட்டதை நாம் இங்கே பிடித்துக்கொண்டு, பதினைந்து வயதுப் பையன்கள் முன்னால் நடுவரிடம் கத்துகிறோம். பாவம், பிள்ளைகள் விதியையும் தப்பாகக் கற்கிறார்கள், மரியாதையையும் இழக்கிறார்கள். கோச்சுகளே, வீடியோ காட்டுமுன் எந்த விதிப்புத்தகம் என்று பாருங்கள்.

எதிரணி பாஸை எங்கள் ஃப்ரண்ட்கோர்ட்டிலிருந்து குதித்துக் காற்றிலேயே பிடித்து பேக்கோர்ட்டில் இறங்கலாமா? (ஜெலுத்தோங்)

இறங்கலாம். ஆனால் காற்றில் இருக்கும்போதே பேக்கோர்ட்டில் நிற்கும் தோழருக்குப் பாஸ் கொடுத்தால் வயலேஷன்.

இரண்டாம் க்வார்ட்டர் தொடக்கத்தில் த்ரோ-இன் பந்தை (ஆடுகளத்துக்கு வெளியே நின்று உள்ளே போடுவது) பின்னால் பேக்கோர்ட்டுக்குக் கொடுக்கலாமா? (செராஸ்)

எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

என் பாஸ் பேக்கோர்ட்டில் குத்தி, சுழன்று ஃப்ரண்ட்கோர்ட்டுக்கே வந்தது. நானே எடுத்தேன். (கெப்போங்)

நீங்கள் ஃப்ரண்ட்கோர்ட்டில் நின்று கொடுத்த பாஸ் என்றால் வயலேஷன். பந்து பேக்கோர்ட் தரையைத் தொட்டபின் உங்கள் அணியே முதலில் தொட்டது; எங்கே நின்று தொட்டீர்கள் என்பது கணக்கில்லை. பேக்கோர்ட்டில் நின்று கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அதையாவது எழுதியிருக்கலாம்.