பூகிஸில் ஒரு ஜப்பான்

அன்புள்ள அக்கா,

சென்ற ஆண்டு கியோத்தோவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்பினேன். அதிலிருந்து இங்கே எதிலும் மனம் ஒட்டவில்லை. இரவெல்லாம் யூடியூபில் யாரோ டோக்கியோ தெருக்களில் மழையில் நடந்துபோகும் காணொளிகளைப் பார்க்கிறேன், ‘பிளாஸ்டிக் லவ்’ மாதிரி எண்பதுகளின் பாட்டுகளைக் கேட்கிறேன். புத்தகத்தை எடுத்தால் இருபது பக்கம் தாண்டுவதில்லை, கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது. ஜப்பானை மிஸ் பண்ணுகிறேன் என்று சொன்னால் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் அவருடைய அப்பாவை ஜொகூர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் பண்பாடு என்று என்ன இருக்கிறது, எங்கே திரும்பினாலும் மால்தானே? தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று படித்தேன், அதனால்தான் இந்த ஈர்ப்பா? இந்த ஏக்கம் சரியா தப்பா? படிக்க ஜப்பானியப் புத்தகங்கள் சொல்லுங்கள். நான் எழுதிய ஹைக்கூக்கள் சிலவற்றையும் இணைத்திருக்கிறேன்.

க., பொங்கோல்

அன்புள்ள க.,

வயதில் ரொம்பச் சின்னவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கமாகத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அது என்னை விடவில்லை. கொஞ்ச நாளாக நானும் இதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வருடக்கணக்கில் வாதாடினார், மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஊர் பிடித்துப்போவதற்கு மொழிக்குடும்பச் சான்றிதழ் எதற்கு? விடு. ஹைக்கூக்களைப் படித்தேன். பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னமும் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து நடுவில் செர்ரிப் பூவை வைத்தால் ஹைக்கூ ஆகிவிடும் என்று நீ நினைக்கக் கூடாது. பொங்கோலில் செர்ரி ஏது? உன் புளோக்குக்குக் கீழே என்ன பூக்கிறதோ அதைப் பார்த்து எழுது.

பாட்டு நல்ல பாட்டுதான், எனக்கும் பிடிக்கும். தாகேயுச்சி மாரியா அதை 1984-ல் பாடினார். 2017-ல் யாரோ யூடியூபில் ஏற்றினார்கள், அந்தப் பரிந்துரை வரிசை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்த் தள்ளியது. அந்தப் பாட்டு வந்தபோது உன் அம்மாவே பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். நீ ஏங்குவது நீ வாழ்ந்த கியோத்தோவுக்கா, யாரோ உனக்கென்று தொடுத்துக் கொடுத்த வரிசைக்கா என்று ஒரு தடவை உட்கார்ந்து யோசி. அங்கே இருந்தபோது உனக்குச் சளி பிடித்திருக்கும். குப்பையைத் தப்பான கிழமையில் வெளியே வைத்ததற்கு யாராவது முறைத்திருப்பார்கள். ஏதோ ஒரு கடைக்காரக் கிழவி உன் அரைகுறைப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டிருப்பாள். அதில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லையே? மழை, தெரு, பாட்டு என்று நீ எழுதியதையெல்லாம் பொங்கோலை விட்டு நகராத ஒருத்தியும் எழுதிவிடலாம். அதுதான் எனக்கு வருத்தம். போனைக் கீழே வை என்று நான் சொல்லப் போவதில்லை, அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்கள்.

ஆனால் சிங்கப்பூரில் என்ன இருக்கிறது, மால்தானே என்று எழுதினாய் பார், அதற்குத்தான் கோபம் வந்தது.

பூகிஸ் ஜங்ஷன் மாலுக்கு நீ போகாமல் இருந்திருக்க மாட்டாய். உள்ளே கண்ணாடிக் கூரை போட்ட தெரு ஒன்று வருமே, இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள் மாதிரி முகப்பு, நடுவில் சின்னச் சின்னத் தள்ளுவண்டிக் கடைகள். அது மால்காரர்கள் அழகுக்காகக் கற்பனை செய்த தெரு இல்லை. மலாய் ஸ்திரீட், ஹைலாம் ஸ்திரீட், மலபார் ஸ்திரீட் என்று உண்மையாகவே இருந்த தெருக்கள். 1995-ல் கூரை போட்டு மாலுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1920 வாக்கில் தடை வரும்வரைக்கும் ஜப்பானியப் பெண்களை வைத்து நடத்திய விபசார விடுதிகள் இருந்த இடம் அது. அந்தப் பெண்களைக் காராயுகி-சான் என்பார்கள். கியூஷூ தீவின் அமாகுசா, ஷிமாபாரா பக்கத்து ஏழை விவசாய, மீனவக் குடும்பங்களின் பெண்கள், பலருக்கு வயது பதினைந்து பதினாறுகூட இருக்காது. வேலை வாங்கித் தருகிறேன் என்று தரகன் கூட்டிவந்தவர்கள் உண்டு, கடனுக்காக வீட்டிலேயே விற்கப்பட்டவர்கள் உண்டு, கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரியோடு ஒளித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தில் அமாகுசாவில் வீடுகள் எழும்பின, தம்பிமார் படித்தார்கள். திரும்பிப் போனவளை ஊர் சேர்த்துக்கொண்டதா என்று கேட்டால், பல இடங்களில் இல்லை.

இந்த ஊருக்கு முதலில் வந்த ஜப்பான் அதுதான், க. பேரங்காடியும் ராமென் கடையும் அப்புறம் வந்தவை. அதே கூரைக்கு அடியில் நின்று மாச்சா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இங்கே ஒன்றும் இல்லை என்று நீ சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

செத்துப்போன பெண்கள் ஹவ்காங்கில் இருக்கிறார்கள். சுவான் ஹோ அவென்யூவில், தரைவீடுகளுக்கு நடுவே, ஜப்பானியக் கல்லறைப் பூங்கா. 1891-ல் தொடங்கியது. அநாதையாகச் சாகிற இந்தப் பெண்களைப் புதைக்க இடமில்லை என்று, அதே தொழிலில் இருந்த விடுதி முதலாளி ஒருவரே தன் ரப்பர் தோட்டத்திலிருந்து நிலம் கொடுத்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம் கல்லறைகள். நீ போனால் முதலில் பெரிய கற்கள்தான் கண்ணில் படும், ஒழுங்காக எழுத்து வெட்டியவை. கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிந்து பார். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், சிலவற்றில் எழுத்து தேய்ந்து விரலால் தடவினால்தான் தெரியும், சிலவற்றில் தடவினாலும் தெரியாது. கல்லின் தலையில் பாசி. அவைதான். அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அமாகுசா நினைவுக்கு வரவில்லை, எங்கள் அப்பாயிதான் வந்தார்.

எங்கள் வீட்டிலும் உன் பாட்டி மாதிரி ஒருவர் இருந்தார், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது டோபி காட்டில் பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹான் என்ற ஜப்பானியப் பேரங்காடி இருந்தது. அம்மா அங்கே போனால் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த பன் வாங்கிவருவார், சூடு போகாமல், காகிதப் பையில் எண்ணெய் வட்டமாக ஊறியிருக்கும். நாங்கள் அடித்துக்கொண்டு தின்போம். அப்பாயி தொட மாட்டார். ‘ஜப்பான்காரன் கடை ரொட்டி எனக்கு வேணாம்’ என்பார், அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் மரவள்ளிக்கிழங்கைத் தின்று இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார், மூன்றாவதைக் காப்பாற்ற முடியவில்லை. அதுவும் அவர் சொல்லித் தெரிந்ததில்லை, அத்தை சொன்னது.

அந்த அப்பாயிதான் எண்பதுகளின் நடுவில் தொலைக்காட்சியில் ‘ஓஷின்’ என்ற ஜப்பானியத் தொடர் வந்தபோது அதன் முன்னால் நகராமல் உட்கார்ந்தவர். ஜப்பானுக்கு வெளியே அந்தத் தொடரை முதலில் ஒளிபரப்பிய இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. வீட்டில் யாருக்கும் வசனம் சரியாகப் புரியாது. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பெண்ணைப் பனியில் வேலைக்கு அனுப்புகிறார்கள், ஆற்றில் ஒரு தெப்பத்தில் அவள் போகிறாள், அப்பன் கரையிலே கத்திக்கொண்டு ஓடிவருகிறான். அப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். பன் மட்டும் கடைசிவரை தொடவில்லை. இரண்டும் ஒரே மனுஷிதான், அவரிடம் போய் இது சரியா தப்பா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் எங்களுக்கு விளக்கம் சொன்னதில்லை. நீ என்னவோ உன் குற்ற உணர்வை என்னிடம் கொடுத்து, மதிப்பெண் போட்டுத் திருப்பித் தரச் சொல்கிறாய்.

ஹவ்காங்கில் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே பூங்காவில் தெராவுச்சி ஹிசாய்ச்சிக்கும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அவர் ஜப்பானியத் தென்பிராந்தியப் படைகளின் தலைமைத் தளபதி. 1942-ல் தொடங்கி 1943-ல் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை அவருடைய படைகள் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் உன் பாட்டியின் அப்பாவும் ஒருவர். போர் முடிந்து 1946-ல் கைதியாக ஜொகூரில் செத்தார் தெராவுச்சி. அவருக்குப் பெரிய கல், அமாகுசாப் பெண்ணுக்குச் சின்னக் கல், சில நிமிட நடையில் இரண்டும். நாவலாசிரியர் ஃபுதாபாதேய் ஷிமேயின் நினைவுக்கல்லும் அங்கேதான், ஜப்பானின் முதல் நவீன நாவல் என்று பலர் சொல்கிற ‘உகிகுமோ’வை எழுதியவர், 1909-ல் ரஷ்யாவிலிருந்து நோயோடு ஊர் திரும்பும்போது வங்காள விரிகுடாவில் கப்பலிலேயே இறந்தார், உடலை இங்கேதான் எரித்தார்கள். உனக்குப் பிடித்த ஜப்பான், பாட்டிக்குப் பிடிக்காத ஜப்பான், உனக்குத் தெரியவே தெரியாத ஜப்பான், எல்லாம் உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் கிடக்கிறது, நீ ஷின்ஜுகுவில் எவனோ குடை பிடித்துப் போவதை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

பாட்டி விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஜப்பானை மிஸ் பண்ணுகிறேன் என்று அவரிடம் போய்ச் சொல்லாதே. அவர் அப்பா பெயர் என்ன, எந்தத் தோட்டம், கூட யார் யார் போனார்கள் என்று கேள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்போதைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் கேள். எங்கள் அப்பாயியிடம் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்க ஆளில்லை.

புத்தகம் கேட்டிருந்தாய். பட்டியல் எல்லாம் தர மாட்டேன், பட்டியலை நீ சேமித்து வைத்துக்கொள்வாய், படிக்க மாட்டாய். தமிழில் ‘டோட்டோ-சான்’ இருக்கிறது, குரோயாநாகி தெத்சுகோ எழுதியது, பழைய ரயில் பெட்டிகளில் நடந்த பள்ளிக்கூடத்தைப் பற்றியது. குழந்தைகள் புத்தகம் என்று அலட்சியப்படுத்தாதே, குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிவதோடுதான் அது முடிகிறது. ஆங்கிலத்தில் யாமாசாகி தோமோகோவின் ‘சண்டாக்கன் பிராத்தல் நம்பர் 8’, மூலம் 1972-ல் வந்தது. போர்னியோவின் சண்டாக்கனுக்கு விற்கப்பட்டுக் கடைசியில் அமாகுசாவுக்கே திரும்பிவந்த ஒரு கிழவியின் கதை. யாமாசாகி அவளுடைய இடிந்த வீட்டில், பூச்சி ஊரும் பாயில், வாரக்கணக்கில் கூடவே தங்கி, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக் கேட்டு எழுதியது. நீ யார், எதற்கு வந்தாய் என்று அந்தக் கிழவி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நூலகத்தில் கேட்டுப் பார். படித்து முடித்ததும் எனக்கு எழுது, இருபதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு எழுதாதே.

அன்புடன்,
அக்கா