ஒப்படைக்கப் பழகுதல்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். ஒரு கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நீங்களும் இதே துறையில் நெடுநாள் இருந்தவர் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

இந்த ஆண்டில் மட்டும் என்னை மூன்று பயிலரங்குகளுக்கு அனுப்பினார்கள். மூன்றாவதின் தலைப்பு ‘மாணவர்களுக்கு அதிகாரமளித்தல்’. இரண்டு நாள் நடந்தது. நன்றாகவே பேசினார்கள், நானும் நிறையக் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தால், மாணவர் பேரவைத் தலைவர் கையில் ஒரு படிவத்தோடு என் அறை வாசலில் நிற்கிறார். மாலையில் ஒரு கூட்டம் நடத்த அவர்களுக்கு வகுப்பறை வேண்டும். அதற்கு ஆறு கையெழுத்து. என்னுடையது நான்காவது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சான்றிதழ்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. என் ஆண்டறிக்கையில் ‘தொழில்சார் வளர்ச்சி’ என்ற கட்டம் நிரம்பிவிட்டது. பேரவைக் கூட்டத்துக்கு வரும் மாணவர்களோ குறைந்துகொண்டே போகிறார்கள். எங்கள் வளர்ச்சியும் அவர்கள் வளர்ச்சியும் ஏன் தண்டவாளம் மாதிரி ஒட்டாமலே ஓடுகின்றன? எனக்கே ஒரு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதபோது மாணவருக்கு நான் எதைக் கொடுத்துவிட முடியும்?

எஸ்.
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த நான்காவது கையெழுத்தில் வந்து நின்றுவிட்டேன். வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வெட்கத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் பயிலரங்கில் குறித்துக்கொண்டதைவிட அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் கற்றது அதிகம்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். அதிகாரமளித்தல். அளிப்பது என்று வந்துவிட்டால் ஒருவர் கை மேலே, இன்னொருவர் கை கீழே. அளித்தவர் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பல கல்லூரிகளில் பேரவையின் நிலைமை இதுதான். தேர்தல் உண்டு, பதவியேற்பு உண்டு, விழா மேடையில் ஒரு நாற்காலியும் உண்டு. எந்தச் செலவு முதலில், எது அப்புறம் என்று பேசும் அறையில் மட்டும் இடம் கிடையாது. எனக்கு ‘ஒப்படைத்தல்’ என்ற சொல் பிடிக்கும். வீட்டுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்தால் பொறுப்பு அவருடையதாகிறது. அதற்காக அவரோடு நமக்குள்ள உறவு அறுந்துபோவதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு நாமே வாசலில் காவல் நிற்பதும் இல்லை. நம் வேலையில் தொழில் வளர்ச்சி என்று நான் நினைப்பது இப்படி ஒப்படைக்கப் பழகுவதைத்தான்.

இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோஞாவில் மாணவர் சங்கங்களே ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. பாடம் தொடங்கத் தாமதமானால் ஆசிரியருக்கு அபராதம். வெளியூர் போவதென்றால் அவர்தான் மாணவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். பிற்காலத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது, பிள்ளையைத் தண்டிக்கப் பெற்றோர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணம் வேரூன்றியது. 1960இல் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மாணவர்கள் சிலர், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிவந்த நீதிமன்றக் கட்டட உணவகத்துக்குள் போய் தங்களுக்கும் பரிமாறச் சொன்னார்கள். அலபாமா அரசுக் கல்லூரி ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் நீக்கியது. வழக்கு மேல்முறையீடு வரை போனது. அரசுக் கல்லூரி ஒரு மாணவரை இப்படி நீக்கும் முன் குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1961இல் தீர்ப்பு வந்தது. பெற்றோரின் இடம் என்ற அந்தப் பழைய நினைப்பு அங்கே ஆட்டம் கண்டது அதற்குப் பிறகுதான். சட்டம் நம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது: கேட்க வேண்டும். அதற்கு மேல் போவது நம் கையில் இருக்கிறது.

பயிலரங்குகளை நான் குறைசொல்லவில்லை. இத்துறையினருக்கு அமெரிக்காவில் ஏசிபிஏ, நாஸ்பா என்று இரண்டு பெரிய சங்கங்கள் உண்டு. இருவரும் சேர்ந்து 2010இல் தொழில்திறன் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள், 2015இல் அதைத் திருத்தினார்கள். அறநெறி, துறையின் வரலாறு, சட்டம், மதிப்பீடு, தொழில்நுட்பம் என்று பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் தொடக்கம், இடை, உயர்வு என மூன்று நிலை. நம்மை நாமே அளந்து பார்க்க நல்ல கருவி. அதில் ஒரு சின்ன மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் பட்டியலில் ‘ஆலோசனையும் உதவியும்’ என்ற பொருளில் இருந்த பகுதியின் பெயர், திருத்தத்தில் ‘ஆலோசனையும் துணைநிற்றலும்’ என்று ஆனது. ஒரே ஒரு சொல்தான். ஆனால் உதவி செய்கிறேன் என்று வருபவர் வேலையைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறார். துணை நிற்பவர் வேலையை உரியவர் கையிலேயே விட்டுவைக்கிறார்.

நான் பல ஆண்டுகள் முதல் வகையாகத்தான் இருந்தேன். அரங்கு பிடிப்பது, ஒலிபெருக்கிக்குச் சொல்வது, அழைப்பிதழில் பிழை திருத்துவது எல்லாம் நானே. பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறதே, அவர்களை ஏன் அலைய வைப்பது என்று மனதாரவே நினைத்தேன். பேரவைத் தலைவியாக இருந்த ஒரு மாணவி படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் என் அறைக்கு வந்தார். “சார், நீங்க எங்களை ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டீங்க. ஆனா ஒரு வருஷம் தலைவியா இருந்தும் நான் எதையும் முடிவு பண்ணினதா ஞாபகம் இல்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு புதுமுக மாணவர் வரவேற்பை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேரிடம் முழுதாக விட்டேன், பணத்தையும் சேர்த்து. கணக்கு நோட்டு அவர்களிடம் இருந்தது. நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை நடைவழியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். அரங்கு எண் 204 என்று இருக்க வேண்டிய இடத்தில் 240. அப்படி ஓர் அறையே அந்தக் கட்டடத்தில் கிடையாது. என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. அச்சகத்துக்குச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் புதுத் தாள் வந்துவிடும். எத்தனையோ முறை செய்ததுதான். அந்தத் தாளைப் பார்த்தபடி ஐந்து நிமிடமாவது அங்கேயே நின்றிருப்பேன். அப்புறம் ஒருங்கிணைப்பாளராக இருந்த மாணவியைக் கூப்பிட்டு, “நோட்டீஸ் ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவை படிச்சுப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இப்பவே பார்க்கிறேன் சார்” என்று வைத்துவிட்டார்.

இரவு எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது நான்கு பேர் மார்க்கர் பேனாவோடு மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு தாளிலும் எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். உயரத்தில் ஒட்டியிருந்ததை எட்ட ஒருவர் நாற்காலியில் ஏறி நிற்க, இன்னொருவர் அதை அழுத்திப் பிடித்திருந்தார். விடிந்ததும் இரண்டு பேர் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வழி சொன்னார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பிறகு கணக்கு நோட்டைப் பார்த்தபோது முதல் பக்கத்தில் ஒரு புது வரி இருந்தது: ‘எந்தத் தாளும் இரண்டு பேர் வாசிக்காமல் அச்சுக்குப் போகக் கூடாது.’ நான் பத்துச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தாலும் அந்த வரி அங்கே வந்திருக்காது.

உளவியலாளர் நெவிட் சான்ஃபோர்ட் 1960களில் கல்லூரி மாணவர்களைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சவாலும் ஆதரவும் சரியான அளவில் சேர்ந்தால்தான் வளர்ச்சி. சவால் மட்டுமே என்றால் மாணவர் ஒதுங்கிவிடுவார். ஆதரவு மட்டுமே என்றால் இருந்த இடத்திலேயே இருப்பார். நடைவழியில் அந்த ஐந்து நிமிடமும் நான் தேடிக்கொண்டிருந்தது இந்த அளவைத்தான். அந்த மாணவி போனை எடுக்காமல் இருந்திருந்தால் எண்ணை நானே திருத்தியிருப்பேன். முதல் நாள் வரும் 300 பேர் இல்லாத அறையைத் தேடி அலைவதா? எட்டுப் பேர் கற்பதற்கு மற்றவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

ஒப்படைக்கவே கூடாதவையும் உண்டு. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார் என்று தெரிந்தால், பாலியல் தொல்லை பற்றிப் புகார் வந்தால், அது பயிற்சி பெற்ற, பொறுப்பில் உள்ள பெரியவர்களின் வேலை. சக மாணவர் கவனிக்கலாம், கூட இருக்கலாம், உடனே உரியவரிடம் கொண்டு சேர்க்கலாம். ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ‘சக மாணவர் ஆலோசகர்’ என்று பேட்ஜ் குத்தி, நள்ளிரவில் வரும் அழைப்புகளுக்கெல்லாம் தனியாகப் பதில் சொல்ல வைப்பது பெரிய அநியாயம். ஆள் போதாத குறையை மாணவர்களின் தோளில் இறக்கிவிட்டு அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயர் வைக்கிற வழக்கத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

பேரவைக் கூட்டத்துக்கு ஆள் குறைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லூரி மாணவர்களைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் நான்சி ஷ்லாஸ்பெர்க் 1989இல் எழுதியபோது, ‘நாம் இங்கே ஒரு பொருட்டு’ என்ற உணர்வு எதனால் வருகிறது என்று விளக்கினார். நம்மை ஒருவர் கவனிக்கிறார், மதிக்கிறார், பாராட்டுகிறார் என்பதோடு இன்னொன்றையும் சொன்னார்: நம்மை ஒருவர் நம்பியிருக்கிறார் என்பது. முதல் சிலவற்றை நம் பிரிவுகள் நன்றாகவே செய்கின்றன. கைகுலுக்குகிறோம், கேடயம் கொடுக்கிறோம். நான்காம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு, தான் வராவிட்டால் இங்கே ஏதாவது நின்றுபோகுமா என்பதுதான் கேள்வி. ஒன்றும் நிற்காது என்று தெரிந்தால் அவர் ஏன் வர வேண்டும்?

ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக ஒரு ஏணி வரைந்து காட்டினார். சிறுவர்களின் பங்கேற்பைப் பற்றியது, ஆனால் கல்லூரிக்கும் அப்படியே பொருந்தும். எட்டுப் படிகள். சொல்லிக்கொடுத்து ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது ஆகிய கீழ் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. உச்சிப் படியில் என்ன இருக்கிறது தெரியுமா? இளையவர்கள் தாங்களே தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது. இளையவர்கள் தனியாகவே நடத்துவதை அதற்கு ஒரு படி கீழேதான் வைத்தார். அதனால், ஒப்படைத்துவிட்டால் நமக்கு வேலை இருக்காதோ என்ற பயம் வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் கடினமானது. தன்னிடம் இல்லாததை யாரும் ஒப்படைக்க முடியாது, உண்மைதான். மாணவர் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் டீன் உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால், நீங்கள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வீர்கள். எந்தப் பயிலரங்கும் அந்தப் பிடியைத் தளர்த்தாது. ஆகவே முதலில் டீனிடம் பேசுங்கள். பொதுவாக அல்ல, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு: ஒரு செமஸ்டருக்கு இந்த ஒன்றை மாணவர்களிடம் விடுகிறோம், தவறு நடந்தால் அதை எப்படிச் சரிசெய்தோம் என்று எழுத்தில் தருகிறோம், அதுவரை பொறுங்கள். கால எல்லையும் பொறுப்பேற்க ஓர் ஆளும் இருந்தால் சம்மதிக்கும் மேலதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் பிரிவில் நான்கைந்து பேர் இருப்பீர்கள் இல்லையா, வாரம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். இந்த வாரம் மாணவர் எடுத்திருக்கக்கூடிய எந்த முடிவை நான் எடுத்தேன், ஏன் எடுத்தேன்? ஆளுக்கு ஒன்று சொன்னால் போதும். நாங்கள் இதை மூன்று ஆண்டுகள் செய்தோம். முதல் மாதம் எல்லோரும் காரணம் மட்டும்தான் சொன்னோம். இரண்டாம் மாதத்திலிருந்து “அவசரப்பட்டுட்டேன்” என்ற சொல் வரத் தொடங்கியது. மாதம் ஒருமுறை இரண்டு மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டோம். எங்கள் அலுவலகம் வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எந்த விஷயத்தில் தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம், அது உங்கள் மேசைக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறது. பேரவைத் தலைவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தை இருவருக்கும் நடுவில் வையுங்கள். பிறகு இருவருமாக ஆறு பேரிடமும் போய், ‘கையெழுத்துப் போடும்போது இதில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நாங்கள் ஒருமுறை அப்படிப் போனபோது, அறையின் மின்சாரத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு மட்டும் தெளிவான பதில் இருந்தது. மற்றவர்கள் தங்களுக்கு முன்னால் போட்டவரின் கையெழுத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். உங்கள் நான்காவது கட்டத்துக்கு என்ன பதில் என்பதை அந்த மாணவர் எதிரிலேயே சொல்லிப் பாருங்கள். போய்வந்த பிறகு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.