ரன்வேக்கு முன்னாலேயே விழும் ஜெட் மாடல்: கைரோ தீர்வாகுமா?

கேள்வி: இரண்டு வருடமாக ரிமோட்டில் இயங்கும், ப்ரொப்பெல்லர் வைத்த ட்ரெய்னர் (பழகுவதற்கான) மாடல் விமானங்களை ஓட்டி வருகிறேன். சமீபத்தில் 70 மி.மீ. ஃபேன் உள்ள ஃபோம் ஜெட் வாங்கினேன். 6 செல் 4000 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரியோடு சேர்த்து எடை 1.9 கிலோ. பிளாட் விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டின் தார்ச்சாலையில்தான் ஏற்றி இறக்குகிறேன். மேலே நன்றாகப் பறக்கிறது. இறக்கும்போது மட்டும் சாலை தொடங்குவதற்குப் பத்து மீட்டர் முன்னாலேயே பொத்தென்று விழுந்து நோஸ் கியர் (மூக்குச் சக்கரத்தின் கால்) உடைகிறது. ஒருமுறை இடது இறக்கை சாய்ந்து குத்தியது. கைரோவும் (விமானம் குலுங்கினால் தானாகச் சரிசெய்யும் கருவி), அதிக ‘சி’ (கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் தர முடியும் என்ற அளவு) உள்ள பேட்டரியும் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் விமானத்தில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ட்ரெய்னரை இறக்கும் கைப்பழக்கத்திலேயே ஜெட்டையும் இறக்குகிறீர்கள். சாலை கண்ணில் பட்டதும் த்ராட்டிலை (மோட்டார் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) அடியோடு இழுத்துவிட்டு, மிதந்து வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஜெட் மிதக்காது.

ப்ரொப்பெல்லர் விமானத்தில் முன்னால் சுழலும் விசிறியின் காற்று இறக்கையின் உட்பகுதி மீதும் வால் மீதும் அடித்துக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்தாலும் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினால் போதும், எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) உடனே உயிர் வந்துவிடும். ஜெட்டில் அந்த வசதி இல்லை. ஃபேன் உடலுக்குள் இருக்கிறது, காற்று வால் குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. இறக்கைக்கும் எலிவேட்டருக்கும் கிடைப்பது விமானம் முன்னோக்கி நகரும் வேகத்தால் வரும் காற்று மட்டும்தான். அந்த வேகம் போனால் ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் பயன் கிடையாது.

இன்னொன்று, தாமதம். த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் ஃபேன் சுற்று ஏற ஒரு நொடி வரை ஆகும். அதற்குப் பிறகுதான் விமானம் வேகம் பிடிக்கத் தொடங்கும். மூன்று மீட்டர் உயரத்தில் “ஐயோ, குறைகிறதே” என்று உணர்ந்து தள்ளுகிறீர்கள். வேகம் வருவதற்குள் தரை வந்துவிடுகிறது. பதற்றத்தில் எலிவேட்டரையும் இழுப்பதால் மூக்கு தூக்கி, இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, ஒரு பக்கம் சாய்கிறது. இடது இறக்கை குத்தியதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இனி இப்படிச் செய்யுங்கள். காற்றடிக்கும் திசையில் 20 மீட்டர் உயரத்தில் சாலைக்கு இணையாக வரும்போதே, பாதி த்ராட்டிலில், கியரையும் (சக்கரக் கால்கள்) பாதி ஃப்ளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்) இறக்கிவிடுங்கள். கடைசித் திருப்பத்தை அகலமாக எடுங்கள், சாய்வு 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். உயரம் மாறாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 7 சதவீதம்தான் கூடும். 45 டிகிரியில் 19 சதவீதம், 60 டிகிரியில் 41 சதவீதம். குறுகலாகத் திருப்பும் ஜெட்டுகள் அந்த மூலையிலேயே சுருண்டு விழுவது இதனால்தான். சாலை முனைக்கு 100 மீட்டர் முன்னாலேயே நேர்க்கோட்டுக்கு வந்துவிட வேண்டும், காற்றை எதிர்த்து.

அங்கிருந்து த்ராட்டில் 30 முதல் 40 சதவீதம். வேகத்தை எலிவேட்டரால் பாருங்கள், இறங்கும் அளவை த்ராட்டிலால் பாருங்கள். தாழ்ந்து போனால் மூக்கைத் தூக்காதீர்கள், த்ராட்டிலை இரண்டு மூன்று கிளிக் கூட்டுங்கள். மரவரிசை இருக்கும் பக்கத்தில் தரையை நெருங்க நெருங்க எதிர்க்காற்று குறையும், விமானமும் சட்டென்று அமுங்கும். அதை எதிர்பார்த்தே கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு வாருங்கள். சக்கரம் தரையிலிருந்து அரை மீட்டரில் இருக்கும்போதுதான் த்ராட்டிலை மெதுவாக மூடி, மூக்கை லேசாக உயர்த்தி, பின் சக்கரங்களை முதலில் தொடவிட வேண்டும். மூக்குச் சக்கரம் தானாக இறங்கட்டும். நோஸ் கியர் உடைகிறது என்றாலே அது பின் சக்கரங்களுக்கு முன்னால் தரையில் மோதுகிறது என்று பொருள். வலுவான கால் வாங்கி மாட்டினால் அடுத்த முறை கால் நிற்கும், அது பதிந்திருக்கும் ஃபோம் கிழியும்.

சாலை முனைக்கு 30 மீட்டர் முன்பு கோடு சரியாக அமையவில்லை என்றால் விட்டுவிட்டு மறுசுற்று போங்கள். முதலில் முழு த்ராட்டில். மூக்கை மட்டமாகவே வைத்து வேகம் வரும்வரை பொறுங்கள், பிறகு ஏற்றுங்கள். ஃப்ளாப்பை உயரம் கிடைத்த பிறகே மடக்குங்கள்.

இதையெல்லாம் தரைக்கு அருகே பழக வேண்டாம். 60 மீட்டர் உயரத்தில் கியர், ஃப்ளாப் இறக்கி, த்ராட்டிலை 35 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, எந்தக் கட்டத்தில் மூக்கு தொய்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஃப்ளாப் இறங்கியதும் மூக்கு தூக்கினால், அதற்கு ஈடாக எலிவேட்டர் தானாகக் கொஞ்சம் கீழே போகும்படி ரிமோட்டில் மிக்ஸ் செய்துகொள்ளுங்கள்.

த்ராட்டிலை விடாதே என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: மோட்டாரே நின்றுபோவது. பேட்டரி இறங்கி ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மின்சாரத்தை நிறுத்தினாலோ, சூடாகி அணைந்தாலோ தள்ளுவதற்கு எதுவும் இருக்காது. அந்த நொடியில் முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. உயரம் போகிறதே என்று கை மேலே இழுக்கச் சொல்லும். இழுத்தால் முடிந்தது. இரண்டாவது, ரன்வேயை மறந்துவிடுங்கள். நேர் எதிரில் திறந்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். ரன்வே பின்னால் இருந்து உயரமும் குறைவு என்றால் திரும்பவே கூடாது. மூன்றாவது, கியரும் ஃப்ளாப்பும் மடங்கியே இருக்கட்டும், இரண்டும் இழுவையைக் கூட்டும். தார்ச்சாலையை எட்டுவது உறுதியான பிறகுதான் கியரை இறக்க வேண்டும். புல்தரை, உழவு நிலம், முள்செடி என்றால் கியர் இல்லாமல் வயிற்றாலேயே இறக்குங்கள். ஃபோம் உரசினால் ஒட்டலாம், சக்கரம் பள்ளத்தில் மாட்டிக் குப்புறக் கவிழ்ந்தால் ஃபேனும் போகும். சர்வோவுக்கு (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) மின்சாரம் தரும் பெக் என்ற சுற்று, மோட்டார் நின்றபிறகும் வேலை செய்யும், அதனால் கட்டுப்பாடு கையில் இருக்கும். ஈ.எஸ்.சி.யில் ‘சாஃப்ட் கட் ஆஃப்’ வசதி இருந்தால் அதையே வையுங்கள், சக்தி படிப்படியாகக் குறைந்து எச்சரிக்கும். இந்த நிலை வராமலிருக்க டைமரைச் சரியாக வைப்பது போதும். முழு த்ராட்டிலில் உங்கள் மோட்டார் ஏறத்தாழ 65 ஆம்பியர் இழுக்கும். 4000-இல் 80 சதவீதம் 3200 எம்.ஏ.எச்., அப்படியே ஓட்டினால் மூன்று நிமிடத்தில் தீரும். கலந்து ஓட்டினால் நாலரை நிமிடம் தாங்கும். மறுசுற்றுக்கு மிச்சம் வேண்டும், எனவே டைமர் மூன்றரை நிமிடம். இறக்கிய பிறகு செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் குறைந்தால் இன்னும் சுருக்குங்கள்.

இனி கடைக்காரர் விஷயம். கைரோ காற்றின் குலுக்கலைக் குறைக்கும், ஸ்டாலைத் தடுக்காது. ஸ்டாலுக்கு அருகில் இறக்கை தாழ்ந்தால் கைரோ அந்தப் பக்க ஏலிரானை (இறக்கையைச் சாய்க்கும் வெளிமடல்) கீழே தள்ளித் தூக்கப் பார்க்கும். வேகம் இல்லாத இறக்கையில் அது ஸ்டாலை இன்னும் ஆழமாக்கி, அதே பக்கம் கவிழ்க்கும். இறக்கக் கற்றுக்கொள்ளாதவருக்குக் கைரோ விற்பது வியாபாரம், ஆலோசனை ஆகாது.

பேட்டரியில்தான் ஏமாற்று அதிகம். உங்கள் தேவை 65 ஆம்பியர், அதாவது 16 ‘சி’க்குக் கொஞ்சம் மேல். நேர்மையான 35 ‘சி’ பேக் 140 ஆம்பியர் தரும், அதுவே தாராளம். ஆனால் லேபிளில் ‘சி’ என்று அச்சடிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. பழைய பேக்குக்கு 60, 100 என்று புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாமேதான் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. கையில் வந்ததும் பிளக்கின் உள்முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். புது பேக்கில் அவை பளபளக்கும். முனையில் கறுத்த தீப்பொறித் தடமோ சிறு குழியோ இருந்தால் யாரோ ஏற்கெனவே செருகி ஓட்டிய பேக் அது. செல் ஒவ்வொன்றும் 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், தங்களுக்குள் 0.03-க்கு மேல் வித்தியாசம் கூடாது. 4.2 காட்டினால் முழு சார்ஜில் கிடந்து கெட்டிருக்கலாம். கடைசியாக, சார்ஜரில் உள் மின்தடையைப் பாருங்கள்: இந்த அளவு பேக்கில் செல்லுக்கு 2 முதல் 5 மில்லி ஓம் நல்லது, 10 வந்தால் ஜெட்டுக்கு உதவாது. 65 ஆம்பியர் இழுக்கும்போது அது செல்லுக்கு 0.65 வோல்ட்டைத் தின்றுவிடும். மறுசுற்றுக்கு முழு த்ராட்டில் கேட்கும் நேரம் பார்த்துத்தான் அது கைவிடும். வீங்கிய பேக்கைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

‘பறக்க லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்டுகளும் கிளம்பியிருக்கிறார்கள். 2 கிலோ வரை, வணிக நோக்கமில்லாமல் பறக்க விட பைலட் சான்றிதழ் தேவையில்லை என்று ட்ரோன் விதிகளே சொல்கின்றன.  இது தெரியாதவர்களை வைத்துத்தான் ஏஜென்ட் பிழைக்கிறார். மற்ற விதிகளை அரசு இணையதளத்திலேயே படியுங்கள். அங்குள்ள வான்வெளி வரைபடத்தில் உங்கள் லேஅவுட் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) இருக்கிறதா, அங்கே எத்தனை அடி உயரம் அனுமதி என்று பாருங்கள். விமானத்தைப் பேட்டரியோடு ஒருமுறை தராசில் வையுங்கள். 1.9 கிலோ என்பது 2-க்கு மிக அருகில். கனமான பேட்டரி ஒன்றை மாட்டினால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள், இறங்கும் வேகமும் கூடும்.