6,000 ராண்ட் கொடுத்து ஃபார்மல் ஷூ வாங்கினால் கடைசியில் மிச்சமா?

கேள்வி: அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ஆடிட் நிறுவனத்தில் சேர்கிறேன். தினமும் ஃபார்மல் ஷூ போட வேண்டும். 6,000 ராண்டுக்கு நல்ல தோல் ஷூ வாங்கிவிட்டால் பத்து வருஷம் உழைக்கும், மலிவான ஷூவை அடிக்கடி வாங்குவதைவிட அதுதான் மிச்சம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்:

மிச்சம் இல்லை. வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மிச்சம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். டர்பனுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. என் ஷூ செலவை ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். (சிரிக்க வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.)

ஆரம்பத்தில் நான் போட்டதெல்லாம் மால் கடையில் வாங்கிய ஷூ, சராசரியாக 950 ராண்ட். தினமும் போட்டால் ஒரு ஜோடி 14 மாதம் தாங்கும். அப்புறம் முன்பக்கம் வாயைப் பிளக்கும். ஏழு வருஷத்துக்கு ஆறு ஜோடி என்றால் 5,700 ராண்ட். பிறகு 4,800 ராண்டுக்கு, தள்ளுபடி விலையில்தான், வெல்ட் என்ற தோல் பட்டை வைத்துத் தைத்த இங்கிலாந்து ஷூ ஒன்று வாங்கினேன். வடிவம் கெடாமல் உள்ளே வைக்கும் சீடர் மரக்கட்டைக்கு 450. இந்த ஏழு வருஷத்தில் இரண்டு தடவை அடி (சோல்) மாற்றியது, தடவைக்கு 850. மொத்தம் 6,950. ஆக ஏழு வருஷம் கழித்தும் நான் 1,250 ராண்ட் நஷ்டத்தில் இருக்கிறேன். இன்னொரு தடவை அடி மாற்றி, இதே போக்கில் போனால் பத்தாவது வருஷம்தான் மலிவு ஷூவின் செலவு இதைத் தாண்டும். அதிலும் நான் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். தோல் ஷூவைத் தினமும் போடக் கூடாது, வியர்வை காய ஒரு நாளாவது விட வேண்டும். அப்படியென்றால் மாற்றிப் போட இன்னொரு ஜோடி வேண்டும். அதையும் ஷீட்டில் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். நான் சேர்க்கவில்லை.

சரி, அப்படியானால் ஏன் இன்னும் அதையே போடுகிறேன்? சாயங்காலம் ஆறு மணிக்கு என் கால் எப்படி இருக்கிறது என்பதற்காக. சரக்குக் கிடங்கில் ஸ்டாக் எண்ணுகிற நாட்களில் எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்க வேண்டும், உங்களுக்கும் அந்த வேலை வரும். நல்ல ஷூவில் பாதம் படும் உள் அடிக்கு, அதாவது இன்சோலுக்கு, கீழே கார்க் நிரப்பியிருப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது நம் பாரத்துக்கு அமுங்கி, பாதத்தின் அச்சு அதில் விழுந்துவிடும். அது வரைக்கும் கொஞ்சம் அடம்பிடிக்கும், முதல் இரண்டு வாரம் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் வேறு ஷூவில் காலை விட்டால் யாருடையதையோ மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

உண்மையில் நான் பணம் தொலைத்தது மலிவு ஷூவிலும் இல்லை, விலை உயர்ந்த ஷூவிலும் இல்லை. நடுவில் இருக்கும் 2,000, 2,500 ராண்ட் ரகத்தில்தான். ஒரு பெயர் பெற்ற கடையில் 2,400 ராண்டுக்குக் கறுப்பு ஷூ ஒன்று வாங்கி, விசேஷத்துக்கு மட்டும் என்று பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தேன். மூன்று வருஷத்தில் நாலு தடவை போட்டிருப்பேன். சாட்ஸ்வொர்த்தில் அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்து வெள்ளைத் தரையில் நான் நடந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாக ஏதோ உதிர்ந்து கிடக்கிறது. ஒரு சின்னப் பையன் பின்னாலேயே வந்து, “அங்கிள், உங்க ஷூவுல இருந்து கேக் விழுது” என்றான். குனிந்து பார்த்தால் வலது கால் அடி பாதியைக் காணோம். விரலால் தொட்டால் ஈர மண் மாதிரி பிசுபிசுவென்று கையோடு வருகிறது. மாப்பிள்ளையை வெறுங்காலோடுதான் போய் வாழ்த்தினேன். மணமேடை என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மறுநாள் அதைப் பக்கத்து வீட்டு அங்கிளிடம் காட்டினேன். அவர் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு ஷூ தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர் தோல், ஷூ வேலைக்குப் பெயர் போனது, அதில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கையில் வாங்கி ஒரு தடவை திருப்பினார், அவ்வளவுதான். “தம்பி, இது பி.யு. அடி. தண்ணி காத்து தின்னுட்டுது. போட்டாலும் சாகும், போடாட்டியும் சாகும்” என்றார். பி.யு. என்பது பாலியூரிதேன், ஒரு பிளாஸ்டிக் வகை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகும். டர்பன் மாதிரிக் கடலோர ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் அடிக்கும் தோல் அடிக்கும் இந்த வியாதி கிடையாது. அடியை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். மேல்தோலும் அடியும் வெறும் பசையில் ஒட்டியது, பிடித்துத் தைக்க அதில் ஒன்றுமே இல்லை என்றார்.

வெல்ட் என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். என் பழைய ஷூ ஒன்றைக் கத்தியால் கிழித்தே காட்டினார். மேல்தோலையும் உள்ளே இருக்கும் இன்சோலையும் ஒரு நீளத் தோல் பட்டையோடு சேர்த்து ஷூவைச் சுற்றித் தைப்பார்கள். அந்தப் பட்டைதான் வெல்ட். அடி சோலைத் தனியாக இன்னொரு தையலால் அந்தப் பட்டையோடு மட்டும் தைப்பார்கள். அடி தேய்ந்தால் இந்த இரண்டாவது தையலைப் பிரித்துப் புதுசு வைக்கலாம், மேல்தோலில் ஊசி படவே படாது. இதைத்தான் குட்இயர் வெல்ட் என்கிறார்கள். டயர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரப்பரைச் சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரால் வந்த தையல் இயந்திரம் இது. டயர் கம்பெனி 1898-இல் வேறு ஒருவர் ஆரம்பித்து, அப்பா குட்இயரின் நினைவாகப் பெயர் வைத்தது.

கடையில் ஏமாறாமல் இருக்க ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஓரத்தில் அழகாகத் தையல் ஓடும், அடியில் ஒரு நூல்கூடத் தெரியாது என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். பிளாஸ்டிக் பட்டையில் சும்மா தையல் போட்டு ஒட்டியிருப்பார்கள். சில உயர்ந்த ஷூக்களில் தையலைப் பள்ளத்துக்குள் மறைத்திருப்பார்கள், ஆனால் அவற்றின் விலையே தன்னை அறிவித்துக்கொள்ளும். கடைக்காரரிடம், “இதற்கு அடி மாற்ற முடியுமா, யார் மாற்றுவார்கள்?” என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் 1,000 ராண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். தோலையும் விரலால் லேசாக அழுத்த வேண்டும். நல்ல கன்றுத் தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். மேற்பரப்பைத் தேய்த்துப் பூச்சு அடித்த தோல் கண்ணாடி மாதிரி மின்னும், ஆறு மாதத்தில் மடிப்பில் வெடிக்கும்.

அளவு விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு பிரச்சினை உண்டு. சின்ன வயதிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து முன்பாதம் அகலமாக இருக்கும். இங்கிலாந்து ஷூவில் நீளத்துக்கு எண் இருப்பது போல அகலத்துக்கு எழுத்து இருக்கும். பல கம்பெனிகளில் எஃப் சாதாரணம், ஜி அகலம். எனக்கு 8 எஃப் இறுக்குகிறது என்று கடைக்காரர் 9-ஐத் தள்ளிவிடப் பார்த்தார். அது நீளத்தில் பெரிது, குதிகால் கழன்று கழன்று வரும். 8 ஜி தான் சரி. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, அலுவலக சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது ஆம்பூர் பக்கம் வாங்கிவரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாக. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து உலகம் முழுக்க ஷூவும் தோலும் போகின்றன. இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய, ஆகவே அங்கிள் அந்தப் பெயர்களைக் கேட்டாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அளவு எண்ணும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். திரும்பி வரும்போது 5,000 ராண்ட் மதிப்பு வரை புதுப் பொருளுக்குச் சுங்கம் இல்லை. ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அதற்கு மேல் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். உள்ளூர்த் தயாரிப்பு என்றால் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் 1992-இலிருந்து செய்யும் ஜிம் கிரீன் பூட்ஸ் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஆடிட்டுக்குப் போனால் கிடங்கைக் காவல் காக்க வந்தவர் என்று நினைப்பார்கள்.

டர்பனுக்கென்று இன்னும் இரண்டு விஷயம். தோல் அடி வேண்டாம், மழையில் வழுக்கும், ஊறும். ரப்பர் அடி போட்டது வாங்குங்கள். அப்புறம் பூஞ்சை. பிப்ரவரியில் அலமாரியைத் திறந்தால் ஷூ மேல் விபூதி பூசினது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ வைக்காதீர்கள், மரக்கட்டை போட்டுக் காற்றாட வையுங்கள். வாரம் ஒரு தடவை துடைத்து, மாதம் ஒரு தடவை நக்கெட் பாலிஷ் போட்டால் போதும். யூடியூபில் முக்கால் மணி நேரம் பாலிஷ் போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

கோவிலுக்கு மட்டும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உம்கேனி ரோடு கோவில் வாசலில் 4,800 ராண்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் சாமி முன்னால் நிற்கும்போதும் மனசு வாசலில்தான் இருக்கும். நான் கார் டிக்கியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருக்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு வருவோம். புது வேலை, சோதனைக் காலம் வேறு இருக்கும். முதல் ஆறு மாதத்துக்கு 900 ராண்டுக்குள் ரப்பர் அடி போட்ட ஷூ ஒன்று வாங்கிப் போடுங்கள். வேலை நிலைத்து, நிற்கிற நாள் எத்தனை, உட்காருகிற நாள் எத்தனை என்று தெரிந்த பிறகு ஜூலை தள்ளுபடியில் வெல்ட் ஷூவைப் பாருங்கள். அதற்கு முன்னால் அடி மாற்றத் தெரிந்தவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் போகிறவர் பழைய கிரே ஸ்ட்ரீட் (இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்) பக்கம் ஒரு ஆர்கேடுக்குள் இருக்கிறார். போன வாரம் மூன்றாவது அடி போடச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்ப வேண்டாம், குதி மட்டும் மாத்தலாம், 180 குடுங்க” என்றார். சனிக்கிழமை போய் வாங்க வேண்டும்.