ரேஸ்கோர்ஸில் ஓடும்போது நெஞ்செரிச்சல்: பெப்பர்மின்ட் எண்ணெய் காரணமா?

மதுரை ரேஸ்கோர்ஸில் ஓடும்போது நெஞ்செரிகிறது, பெப்பர்மின்ட் (ஒரு வகைப் புதினா) எண்ணெய் கலந்த தண்ணீரைக் குடிப்பதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான். அரை லிட்டர் தண்ணீரில் 5 சொட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். 2013இல் ஈரானில் வந்த ஆய்வில் 500 மி.லி. தண்ணீருக்குக் கொடுத்ததே 0.05 மி.லி.தான், அதாவது கிட்டத்தட்ட ஒரே சொட்டு. 12 மாணவர்கள், 10 நாள். ஓடும் திறன் கூடியது உண்மை. ஆனால் எண்ணெய் குடிக்காத குழு ஒன்றை வைத்து ஒப்பிடவில்லை. அதனால் நான் பெரிதாக நம்புவதில்லை.

பெப்பர்மின்ட், உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வைத் தளர்த்திவிடும். அப்புறம் ஓட்டத்தில் வயிறு குலுங்கினால் அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? தண்ணீரில் எண்ணெய் கரையாது, மேலே மிதக்கும். முதல் மடக்கிலேயே எண்ணெயில் பாதி உள்ளே போயிருக்கும்.

ஒரு வாரம் எண்ணெயை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் அதே தூரம் ஓடிப் பாருங்கள். எரிச்சல் நின்றால் சரி. நிற்காவிட்டால், அதிலும் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால், ஓடாமல் டாக்டரைப் பாருங்கள்.

பாட்டிலையும் பாருங்கள், வாசனைக்கு விற்பது குடிப்பதற்கல்ல. இன்னொன்று: பெப்பர்மின்ட்டில் இருக்கும் மெந்தால் குளிர்ச்சியாகத் தோன்ற வைக்குமே தவிர உடல் சூட்டைக் குறைக்காது. மதுரை சித்திரை வெயிலில் அது ஆபத்து.