நூறு ரூபாய்க்குப் பதினாறு ரூபாய் பெட்டியில் இருக்கிறதா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ஒரே வங்கியில் 12 லட்சம் ரூபாய் டெபாசிட் வைத்திருக்கிறேன். அதன் ஆண்டறிக்கையில் மூலதனப் போதுமை விகிதம் 16 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நாங்கள் போடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 16 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமா? என் பணம் பத்திரமா? (கடலூர் வாசகி)

பதில்: இல்லை அம்மா. அந்த 16 எங்கேயும் எடுத்து வைத்த பணம் இல்லை. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வங்கியின் பேலன்ஸ் ஷீட்டை நம் வீட்டுக் கணக்குக்கு நேர்மாறாகப் படிக்க வேண்டும். உங்கள் டெபாசிட் உங்களுக்குச் சொத்து, வங்கிக்கோ கடன். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய வீட்டுக் கடன்தான் வங்கிக்குச் சொத்து.

ஒரு குட்டி வங்கியை வைத்துப் பார்ப்போம். டெபாசிட் 92 கோடி, பங்குதாரர்களின் மூலதனம் 8 கோடி. இந்த 100 கோடி எங்கே போயிருக்கிறது? ரொக்கமும் ரிசர்வ் வங்கியில் உள்ளதும் 5, அரசுப் பத்திரம் 25, வீட்டுக் கடன் 20, தொழில் கடன் 40, தனிநபர் கடன் 10. இதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆபத்து எடை உண்டு, அதாவது பணம் திரும்பாமல் போகும் அபாயத்துக்கு ஏற்ற சதவீதம். ரொக்கத்துக்கும் அரசுப் பத்திரத்துக்கும் சுழியம். வீட்டுக் கடனுக்கு 50 சதவீதம், தொழில் கடனுக்கு 100, தனிநபர் கடனுக்கு 125 என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொகையையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் 62.5 கோடி. மூலதனம் 8-ஐ இதால் வகுத்தால் 12.8 சதவீதம். உங்கள் 16-ம் இப்படி வந்த எண்தான்.

இப்போது தொழில் கடனில் 5 கோடி திரும்பி வரவில்லை. டெபாசிட் 92 அப்படியேதான் இருக்கிறது, அதைக் குறைக்க வங்கிக்கு உரிமை இல்லை. அடி மூலதனத்தில் விழும். 8 என்பது 3 ஆகும், 62.5-ம் அந்த 5 போய் 57.5 ஆகும், விகிதம் 5.2-க்கு இறங்கிவிடும். நூற்றில் ஐந்து போனதற்கே இந்த நிலை.

இந்தியாவில் வழக்கமான வணிக வங்கிகளுக்குக் குறைந்தபட்சம் 9, நஷ்டக் காலத்துக்கு என்று கூடுதல் தாங்கு மூலதனம் 2.5, ஆக 11.5 சதவீதம் வேண்டும். சிறு நிதி வங்கிகளுக்கு 15. உங்களுடையது முதல் வகை என்றால் 16 வசதியான எண். சிறு நிதி வங்கி என்றால் விளிம்புக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

சரி, கேட்டதும் எடுத்துக் கொடுக்கப் பணம் இருக்கிறதா? அது வேறு கேள்வி. அதற்கு எல்சிஆர் (LCR) என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். நெருக்கடி வந்தால் அடுத்த 30 நாளில் வெளியேறக்கூடிய நிகரப் பணத்துக்கு ஈடாக, உடனே காசாக்கக்கூடிய சொத்து இருக்கிறதா என்பதை அது சொல்லும். 100 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 செப்டம்பர் கடைசியில் தன் எல்சிஆர் சுமார் 262 சதவீதம் என்று அறிவித்தது. கையில் காசு தாராளம். ஆனால் மூலதன விகிதம் அந்த ஜூனிலேயே 0.17 சதவீதம், செப்டம்பரில் சுழியத்துக்கும் கீழே. நவம்பர் 17-ல் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. பத்தே நாளில், 27-ம் தேதி, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட்தாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. மூலதனம் யாருக்காக இருக்கிறது என்பது இதில் தெரியும்.

அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் கதை தலைகீழ். காகிதத்தில் மூலதனம் போதுமானதாக இருந்தது. வாங்கிக் குவித்த நீண்டகாலப் பத்திரங்களின் விலை, வட்டி ஏறியதும் சரிந்தது. அந்த நஷ்டத்தின் பெரும்பகுதி விகிதத்தில் தெரியவே இல்லை. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

ஆகவே 16-ஐ மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். வங்கியின் இணையதளத்தில் பேசல் (Basel) விவரங்கள் என்ற பகுதியில் எல்சிஆர் கிடைக்கும். அப்புறம் நிகர வாராக்கடன், அதாவது திரும்பி வராத கடனில், அதற்காக ஏற்கெனவே ஒதுக்கியது போக மிஞ்சுவது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான், அதுவும் நான்கைந்து காலாண்டுகளைச் சேர்த்து. ஏறிக்கொண்டே போனால், இன்றைய 16 நாளைக்கு நிற்காது.

உங்கள் 12 லட்சத்துக்கு வருவோம். டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு, ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம்தான். அவசரப்பட்டு இன்றே முறித்தால் வட்டியில் பிடிப்பார்கள். முதிர்வு வரும்போது மூன்று வங்கிகளில் நான்கு நான்கு லட்சமாகப் பிரியுங்கள். 7 சதவீத வட்டியில் மூன்று வருடம் சேர்ந்தாலும் 5 லட்சத்துக்குள் நிற்கும். ஒன்று கவனியுங்கள்: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் நிதி நிறுவனங்களும் இந்தக் காப்பீட்டில் வராது. ஒரு சதவீதம் கூடுதல் வட்டி என்று யாராவது அழைத்தால், காப்பீடு உண்டா என்று முதலில் கேளுங்கள்.